கொண்டு சேர்த்தவரே பெரியவர்

(நெய்வேலி பட்டிமன்றம்: 'அறிஞரின் பெருமை கண்டுபிடிப்பதிலா, கொண்டு சேர்ப்பதிலா?')



"கண்டுபிடிக்காம எதைக் கொண்டு சேர்ப்பீங்க?" என்று எதிரணித் தம்பி கேட்டார். உங்க ஊர் மண்ணையே சாட்சிக்கு அழைக்கிறேன். ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டினப்போ கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது. கண்டுபிடிச்சாச்சு! அன்னிக்கு ராத்திரி எந்த வீட்டுல பல்பு எரிஞ்சுது? (சிரிப்பு) சுரங்கம் வெட்டி, நிலத்தடி நீரை இறைச்சு, கரியைக் கொதிகலனுக்குக் கொண்டு சேர்த்த பிறகுதானய்யா வெளிச்சம்! (கைதட்டல்)

மனித மனமும் ஒரு சுரங்கம்தான். அதைத் தோண்டிய முன்னோடி ஒருவர் மைசூரில் இருந்தார். டாக்டர் எம்.வி. கோபாலசாமி. லண்டனில், அறிவுத்திறனைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த ஸ்பியர்மனிடம் பயின்றவர். கல்கத்தாவுக்கு அடுத்தபடியாக 1924-இல் மைசூரில் தொடங்கிய உளவியல் துறையை வளர்த்தவர்.

வந்தவர் என்ன செய்தார்? மேல்நாட்டு அறிவுச் சோதனைகளை நம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார். லண்டன் பிள்ளை பார்த்த பொருளைக் காட்டி மைசூர்ப் பிள்ளையிடம் கேட்டால் அவன் முழிப்பான். அது பிள்ளையின் குற்றமா? கேள்வியின் குற்றம்!

அதோடு நின்றாரா? 1935-இல் தம் வீட்டிலேயே, சொந்தக் காசில், 30 வாட் கருவியை வைத்து வானொலி நிலையம் தொடங்கினார். மகாகவி குவெம்பு அதில் கவிதை படித்தார். 'மனசை ஆராயற வாத்தியாருக்கு ரேடியோ எதுக்கு?' என்று கேட்கலாம். கல்லூரிப் படி ஏறாதவர் காதுக்கும் நல்லது போய்ச் சேரணுமே! அந்த நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? ஆகாசவாணி! (கைதட்டல்) பிற்காலத்தில் இந்திய வானொலிக்கே அதுதான் பெயர். பெயர் தெரியும், அந்தப் பேராசிரியரைத்தான் மறந்துட்டோம்.

இந்த நகரியத்தின் ஏதோ ஒரு வட்டத்தில், மார்க் ஷீட்டைச் சட்டைக்குள் ஒளித்தபடி ஒரு பிள்ளை வாசலில் நிற்கிறான். உள்ளே அப்பா, 'மக்கு' என்ற சொல்லோடு காத்திருக்கிறார். 'மதிப்பெண் ஒரு அளவு. பிள்ளைக்கு எழுதின தீர்ப்பு இல்லை' என்று எத்தனையோ உளவியல் நூல்களில் இருக்கு. அந்த அப்பாவிடம் யாராவது சொன்னாங்களா? சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இந்நேரம் வீட்டுக்குள்ள சாப்பிட்டுக்கிட்டிருப்பான்.

மணி அடிச்சுட்டீங்க. நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளையை நினைச்சுத் தீர்ப்புச் சொல்லுங்க. (கைதட்டல்)