ஒன்பதாம் மாடியில் இடியப்பம்



போன மாதம் கொழும்பிலிருந்து என் மனைவியின் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். இரண்டு நாளாக லிப்ட் ஓடவில்லையாம். அவர் இருப்பது ஒன்பதாம் மாடி. முன்பு தோட்டத்து வீட்டில் இருந்தபோது விடியற்புறமே வாசலில் வைத்து இடியப்பம் விற்று முடித்துவிடுவார்.

"வீட்டைக் குறை சொல்ல ஏலாது தம்பி. வெள்ளம் வராது, சொந்தக் கக்கூஸ் இருக்கு. காசுதான் கையில நிக்குதில்லை" என்றார்.

தோட்டத்துச் சனங்களைத் தொடர்மாடிக்கு ஏற்றுவது கொழும்பில் புதிய யோசனை அல்ல. 671 வீடுகளோடு சகஸ்புர 2001இல் திறக்கப்பட்டது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போன பிறகு வேகம் கூடியது. அந்த மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது ஆமிக்காரர் காவல் நின்றார்கள். 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை மாற்றவேண்டும் என்பது அதிகார சபையின் கணக்கு. தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கம் மாடிகள் எழும்பின.

வீடு இலவசமாகக் கிடைத்தது என்று இங்கே நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. பழைய வீட்டுக்குப் பெமிட் வைத்திருந்தவர்கள்கூட 20, 30 ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்து வைத்தார்கள். அதோடு பராமரிப்புக் காசு, தண்ணீர், கறண்ட். கணக்குக்காரன் கண்ணுக்கு இதுதான் முதலில் படுகிறது: வரவு நாட்கூலி, செலவு மாதக் கணக்கு. வாசல் போனதோடு வரவும் சுருங்கியது.

பிளசன்டனில் கொண்டோ வைத்திருப்பவர்கள் மாதாமாதம் சங்கப் பணத்தை முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம். ஆனால் கலிபோர்னியாச் சட்டப்படி அந்தச் சங்கம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கூரை, லிப்ட் போன்ற பொதுச் சொத்துகளைப் பார்வையிட்டு, மாற்ற எவ்வளவு வேண்டும், சேமநிதியில் எவ்வளவு கிடக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். சின்னம்மாவின் கட்டடத்தில் அப்படி ஒரு தாளை அவர் கண்டதே இல்லை.

தீபாவளிக்கு அவருக்கு ஒரு தொகை அனுப்புவோம். ஒரு கிழமையில் பழைய பாக்கிக்குப் போய்விடும். (பிழை என்னுடையது. தொழிலில் இருபது வருடம் இருந்தும் யோசிக்கவில்லை.) இப்போது அதையே பன்னிரண்டாகப் பிரித்து, தவணை நாளுக்கு முன் போகும்படி செய்திருக்கிறோம். சின்னம்மாவும் அந்த மாடிக்காரரும் ஒரு சீ.ஆர். கொப்பியில் லிப்ட் நின்ற நாட்களையும் கட்டிய பராமரிப்புக் காசையும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கொப்பியைக் காட்டியபோது, கூட்டம் வைக்கிறோம் என்று பதில் கிடைத்ததாம். திகதி சொல்லவில்லை.

இதற்கிடையில் கீழ்மாடியில் ஒரு வீட்டு வாசலை விடியற்புறம் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கியிருக்கிறார். வாடகை, பத்து இடியப்பமும் சம்பலும்.