நெய்யும் எண்ணெயும்



மலாக்காவில் மலாய்க்காரர் திருமண விருந்துகளில் நாம் உண்ணும் ‘நாசி மின்யாக்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எண்ணெய்ச் சோறு’ என்றே வரும். ஆயினும் அதில் கமழ்வது நெய்ம்மணம். மலாய்மொழியில் ‘மின்யாக்’ என்பது எண்ணெய்வகை அனைத்திற்கும் பொதுப்பெயர். நெய்யைப் பிரித்துச் சுட்ட, மாட்டைக் குறிக்கும் ‘சாப்பி’யைச் சேர்த்து ‘மின்யாக் சாப்பி’ என்பர்.

பழந்தமிழில் ‘நெய்’யும் இவ்வாறே பொதுப்பெயராய் வழங்கிற்று. வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். தெலுங்கின் ‘நூனெ’யும் எள்நெய்யே. காலப்போக்கில் அடைபெறாத ‘நெய்’, உருக்கிய வெண்ணெய்க்கே உரியதாயிற்று. ‘எண்ணெய்’யோ எள்ளை மறந்து பொதுப்பெயராயிற்று. அதனாலன்றோ தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்கிறோம்!

பெயரில் தனியிடம் பெற்ற இப்பொருள் பயனிலும் தனித்தது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். உருக்கினால் நீர் ஆவியாகும். பாலின் திண்மம் கசடாய்ப் படியும். வடித்த நெய் வெப்பநாட்டிலும் நெடுநாள் கெடாது. அரபு நாட்டார் ‘சம்ன்’ என்பதும், எத்தியோப்பியர் நறுமணப்பொருள் இட்டுக் காய்ச்சும் ‘நித்தர் கிப்பே’யும் இவ்வகையினவே.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், கடைத் தகரக்குவளையில் ‘மின்யாக் சாப்பி’ என்று படித்து அவ்வாறே சொல்லுகின்றனர். அவர்களைக் கடிந்தால் ‘நெய்’ திரும்பிவிடாது. ‘மின்யாக் சாப்பி’யையும் ‘எள் + நெய்’யையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவோம், இருமொழியும் அடைசேர்த்துப் பெயராக்கிய முறையை அவர்களே கண்டுகொள்வர். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? புணர்ச்சிப் பாடத்திற்கு வேண்டிய சான்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது.