பத்து சென்ட் புத்தகம்

அமெரிக்காவில் சான் டியேகோ என்று ஓர் ஊர். 1970-இல் அங்கே ஒரு ஹோட்டலில் காமிக்ஸ் ரசிகர்கள் கொஞ்சம் பேர் கூடினார்கள். படித்ததைப் பற்றிப் பேசுவது, பழைய இதழ்களை வாங்குவது, விற்பது... அவ்வளவுதான் விஷயம். இப்போது வருஷா வருஷம் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள்.

சினிமாக்காரர்கள் விடுவார்களா? 1976-இல் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல அங்கே வந்தார்கள். படம் வெளியானது அடுத்த வருஷம்தான். அது 'ஸ்டார் வார்ஸ்'!

ரசிகர்கள் அங்கே வரிசையாக வைத்திருக்கிற அட்டைப்பெட்டிகளைக் குனிந்து குனிந்து துழாவுவார்கள். தங்களிடம் இல்லாத ஓர் இதழ் கிடைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர்களுக்குப் பசிக்காது.

1938-இல் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' இதழின் விலை 10 சென்ட். அதில் ஒரு பிரதி 2014-இல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காரணம் இதுதான்: மலிவான தாளில் அச்சிட்டார்கள், படித்ததும் தூக்கிப் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரின்போது வீடு வீடாகப் பழைய தாள் திரட்டினார்கள்; அதிலும் ஏராளமாகப் போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். உடனே வீட்டுக்குள்ளே பார்த்து, "ஏம்மா, பரண்ல இருந்த என் காமிக்ஸ் எல்லாம் எங்கே?" என்றார்.

"போன வாரம்தான் எடைக்குப் போட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினேன்" என்று பதில் வந்தது.

நண்பர் யோசித்தார். "சரி, அந்த வாளியைப் பத்திரமா வை. எழுபது வருஷம் கழிச்சு ஏலம் விடலாம்!"