இரண்டு வெண்கலப் பலகைகளும் கலை மாணவரின் மதிப்பெண்ணும்

ஓவியமும் சிற்பமும் பயிலும் மாணவருக்கு மதிப்பெண் இடுவது ஆசிரியரின் சொந்த ரசனையைப் பொறுத்தது என்ற எண்ணம் பெற்றோரிடமும் மாணவரிடமும், சில ஆசிரியர்களிடமும்கூட, ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த எண்ணம் பிழையானது என்பதை, ஐரோப்பியக் கலையின் பெரும் திருப்பமாகிய இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தின் வரலாறே எடுத்துக்காட்டுகிறது. அக்காலத்துப் படைப்புகளை இன்று வகுப்பறையில் வியந்து பேசுவோர், அவற்றைச் செய்தவர்கள் எவ்வாறெல்லாம் சோதிக்கப்பட்டார்கள் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

1401ஆம் ஆண்டில் ஃபுளோரன்ஸ் நகரின் பாப்டிஸ்டரிக்கு, அதாவது ஞானஸ்நானம் வழங்கப்படும் எண்கோண ஆலயத்துக்கு, வெண்கலக் கதவு செய்யும் கலைஞரைத் தெரிந்தெடுப்பதற்காக, அவ்வாலயத்தின் பொறுப்பை ஏற்றிருந்த காலிமாலா என்னும் துணி வணிகர் சங்கம் ஒரு போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்றுக்கு வந்த எழுவருக்கும் கொடுக்கப்பட்ட வெண்கலம் ஒரே அளவு, அவகாசம் ஓராண்டு, சட்டகம் நான்கிதழ்ப் பூவின் வடிவம், கருப்பொருள் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட முற்படும் விவிலியக் காட்சி. இந்தக் காட்சியைத் தெரிந்தெடுத்தவர்களின் கூர்மை பாராட்டத்தக்கது: இளைஞனின் ஆடையற்ற உடல், முதியவரின் மடிப்புகள் விழும் அங்கி, வானிலிருந்து இறங்கும் தேவதூதர், கழுதையும் செம்மறிக்கிடாயும், பாறை நிலம், காத்திருக்கும் பணியாளர் ஆகிய அனைத்தையும் ஒரு சிறிய பலகைக்குள் அடக்க வேண்டியிருந்ததால், ஒரே பயிற்சியில் ஒரு கலைஞரின் பலவகைத் திறன்களும் வெளிப்பட்டே தீர வேண்டியிருந்தது. நல்ல தேர்வு வினா என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அந்த எழுவரில் லொரென்சோ கிபெர்ட்டி, ஃபிலிப்போ புருனெலெஸ்கி ஆகிய இருவரின் பலகைகள் மட்டும் எஞ்சி, இன்று ஃபுளோரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் உள்ளன. புருனெலெஸ்கியின் பலகையில் ஆபிரகாம் மகனின் கழுத்தைப் பற்றி, கத்தியைத் தொண்டையருகே கொண்டுபோகும் நொடியில், தேவதூதர் பாய்ந்து அவருடைய கையைப் பிடிக்கிறார். காட்சியின் கொடுமையும் பதற்றமும் பார்ப்பவரை உலுக்குகின்றன. கிபெர்ட்டியின் பலகையிலோ சரிந்து செல்லும் பாறை காட்சியை இரண்டாகப் பிரிக்க, ஈசாக்கின் உடல் பண்டைய உரோமச் சிற்பத்தின் அழகோடு திரும்பியிருக்கிறது. தொழில்நுட்பத்திலும் வேறுபாடு உண்டு: புருனெலெஸ்கி உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பின்பலகையில் பொருத்தினார்; கிபெர்ட்டி ஏறத்தாழ முழுவதையும் ஒரே வார்ப்பாக, பின்புறம் உட்குழிவாகச் செய்தார். அதனால் அவருடைய பலகை சுமார் 7 கிலோ எடை குறைந்தது. பல பலகைகள் கொண்ட கதவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுக்க வேண்டிய சங்கத்துக்கு இந்தக் குறைவு சிறிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

ஆகவே உணர்ச்சியின் வலிமைக்கு முதலிடம் தருபவர் ஒருவரையும், வார்ப்பின் நேர்த்தியையும் சிக்கனத்தையும் முதலாவதாக எண்ணுபவர் மற்றவரையும் தெரிந்தெடுக்கக்கூடும். இருவர் தீர்ப்பும் நியாயமானதே. எதற்கு எவ்வளவு மதிப்பு என்பது மாணவர் வேலையைத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். அது முன்கூட்டிச் சொல்லப்படாத இடத்தில்தான் மதிப்பெண் ரசனையின் பிடிக்குள் போய் விழுகிறது.

இந்தப் போட்டியின் முடிவைப் பற்றி இரண்டு சான்றுகள் உள்ளன. ஓவியர், சிற்பி, பொற்கொல்லர் முதலியோர் அடங்கிய 34 நடுவர்களும் ஒருமனதாகத் தன்னையே தெரிந்தெடுத்ததாகக் கிபெர்ட்டி முதுமையில் எழுதிய தன் குறிப்புகளில் கூறுகிறார். புருனெலெஸ்கியின் வாழ்க்கையை எழுதிய அன்டோனியோ மனெட்டியோ, இருவரும் சேர்ந்து பணியாற்றுமாறு கேட்கப்பட்டதாகவும், புருனெலெஸ்கி அதை மறுத்து விலகியதாகவும் கூறுகிறார். கிபெர்ட்டி வேலையின் இடையிலேயே நடுவராக அமரவிருந்தவர்களிடம் கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டார் என்பதும் மனெட்டி சொல்லும் செய்தியே. மனெட்டி அதைத் தந்திரமாகக் காட்ட விரும்பினாலும், மாணவர் இடைநிலையில் விமர்சனம் கேட்டு வேலையைத் திருத்துவது இன்றைய கலைக் கல்லூரிகள் ஊக்குவிக்கும் நல்ல வழக்கம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கலை வரலாற்று மாணவரைச் சோதிக்க இதைவிடச் சிறந்த கருவி தேவையில்லை. இரண்டு பலகைகளின் படங்களையும் இரண்டு சான்றுகளின் சாரத்தையும் கொடுத்து, யாருடைய கூற்றை எந்த அளவுக்கு நம்பலாம், ஏன் என்று கேட்டால், மனப்பாடம் செய்தவரும் சிந்தித்தவரும் ஒரே பக்க விடையிலேயே பிரிந்துவிடுவார்கள். திரையில் படத்தைக் காட்டிக் கலைஞர் பெயரையும் ஆண்டையும் மட்டும் எழுதச் சொல்லும் பழைய தேர்வு முறை நினைவாற்றலை அளக்கிறது. கண்ணை அது அளப்பதே இல்லை. அமெரிக்காவில் காலேஜ் போர்டு என்னும் தேர்வு அமைப்பு நடத்தும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கலை வரலாற்றுத் தேர்வு 250 படைப்புகளைப் பாடமாக வைத்தாலும், அப்பட்டியலில் இல்லாத ஒரு படைப்பைக் காட்டி, அது எந்தக் கலைஞருடையது அல்லது எந்த மரபினது என்று காரணத்தோடு நிறுவச் சொல்லும் வினாவும் அதில் உண்டு.

பட்டறையில் செய்முறை கற்கும் மாணவரைப் பொறுத்தவரை, முடிந்த படைப்பு ஒன்றை மட்டும் பார்த்து மதிப்பிடுவது போதாது. 1400ஆம் ஆண்டையொட்டி ஓவியக் கைந்நூல் எழுதிய சென்னினோ சென்னினி, வண்ணம் அரைத்தல், பசை காய்ச்சுதல், மரப்பலகைக்கு வெண்பூச்சு இடுதல் முதலியவற்றில் ஆண்டுக்கணக்காகப் பழகிய பிறகே ஒருவர் ஓவியராவார் என்று வகுத்தார். படிப்படியான இந்த உழைப்பைக் காண்பதற்கே இன்று வரைவேடு, சோதனைப் படங்கள், கைவிடப்பட்ட முயற்சிகள் ஆகியவை அடங்கிய போர்ட்ஃபோலியோ எனப்படும் தொகுப்பு கேட்கப்படுகிறது. ஏ.பி. ஓவியப் பாடத்தில் முடிந்த 5 படைப்புகளுக்கு 40 விழுக்காடும், ஒரே கேள்வியை மாணவர் தொடர்ந்து ஆராய்ந்த விதத்தைக் காட்டும் 15 படங்களுக்கு 60 விழுக்காடும் ஒதுக்கப்படுவது சரியான பங்கீடு.

மதிப்பிடுபவருக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 1485இல் ஃபுளோரன்ஸின் அநாதைக் குழந்தைகள் இல்லத்துக்காக டொமெனிகோ கிர்லாண்டாயோ என்னும் ஓவியருடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தம், நீல வண்ணம் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 4 ஃபுளோரின் விலையுள்ள அல்ட்ராமரினாக இருக்க வேண்டும் என்பதுவரை நிபந்தனைகளை எழுதி வைத்தது. 115 ஃபுளோரின் கூலிக்குப் படம் தகுதியானதாகத் தோன்றாவிட்டால் குறைத்துக் கொடுக்கும் உரிமையை இல்லத்தின் சார்பில் வேலை கொடுத்த துறவி தன்னிடமே வைத்துக்கொண்டார் என்றாலும், தரத்தைப் பற்றித் தகுந்த பிறரின் கருத்தைக் கேட்கலாம் என்பதையும் அதே ஒப்பந்தம் குறிப்பிட்டது. தனி ஒருவரின் கண்ணுக்கு எல்லை உண்டு என்பதை அன்றைய வணிக உலகமே அறிந்திருந்தபோது, இன்றைய கலை வகுப்புகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் கற்பித்து, அவரே காரணம் கூறாமல் மதிப்பெண்ணும் இடுவதை ஏற்க முடியாது. அளவுகோலை முதல் நாளிலேயே எழுதிக் கொடுப்பதும், இரண்டாவது ஒருவரைப் பார்க்கச் செய்வதும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இரண்டு வரியிலேனும் காரணம் எழுதுவதும் கலை ஆசிரியர்கள் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடியவை. மாணவரும் பெற்றோரும் அவற்றைக் கேட்டுப் பெறலாம்.