கணிப்பொறிக்குள் மறைந்த முதியோர் மொழி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் குறளைப் பற்றியோ சிலம்பைப் பற்றியோ பேசி வந்த நம்மை, இம்முறை சங்க அலுவலகக் கணிப்பொறி பட்ட பாட்டைக் கூறுமாறு தலைவர் பணித்தார்கள். பாடுபட்டது பொறியா நாமா என்பதை இறுதியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவதாக அறிவிப்பு வந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும், புதிய தலைமுறைச் செயலியும் பொறியில் இருத்தல் வேண்டும். நம் பொறியோ பத்தாண்டு கண்ட பழம்பொறி. பதிவு செய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்றும் அறிவித்திருந்தார்கள். அதை நாம் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்த உரைக்கே வேலையில்லை.

தகுதியில்லாத பொறியிலும் புதியதை ஏற்றக் குறுக்குவழி உண்டென்று அன்பர் ஒருவர் உரைத்தார். ஒரு ஞாயிறு மாலை, நல்ல நேரம் பார்க்காத குறையாகத் தொடங்கினோம். நூற்றுக்கு அறுபதைத் தாண்டியவரை எல்லாம் நன்றே நடந்தது. பிறகு திரை கறுத்தது, கறுத்தது கறுத்ததுதான். பிழை நம்முடையதே என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பொறியை விற்ற கடையின் உதவி எண்ணை அழைத்தோம். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்றது ஒரு குரல். அழுத்தியபின் வாத்திய இசை, கச்சேரி முடிந்ததும் ஓர் இளைஞர் வந்து, "அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்த்தீர்களா?" என்று வினவினார். அவர் வேறொருவரிடம் ஒப்படைக்க, அவ்வேறொருவரும் முதலிலிருந்து அதையே வினவினார். மூன்று நாள் இவ்வாறு கழிந்தது. இறுதியில் பொறியைத் துணிப்பையில் கட்டி, மாட்டுங்கா ரோடு நிலையத்தில் வண்டியேறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலைக்குச் சுமந்து சென்றோம். கணிப்பொறி நோயாளிகள் எல்லாரும் சென்று சேரும் சாலை அது என்பது இம்மாநகரத்தாருக்குத் தெரியும். அங்கே ஒரு கடையில் நான்கு நாளில் பொறியை உயிர்ப்பித்துக் கொடுத்தார்கள். "உள்ளே ஒன்றும் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டோம்" என்று பெருமையோடு இந்தியில் கூறினார் கடைக்காரர். உள்ளிருப்பவற்றிற்குத் தாம் பொறுப்பல்லர் என்பது ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது. கீழே நம் கையெழுத்தும் இருந்தது.

உறுப்பினர் பட்டியலும் கணக்கும் தாளில் இருந்தமையால் தப்பின. ஆனால் 2001ஆம் ஆண்டு தாராவியின் முதியோரிடம் கேட்டு எழுதிய நினைவுரைகள் போயின. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் மக்களும் பேரர்களும் அவர்கள். எந்தக் குழாயடியில் எந்த ஊரார் நீர் பிடித்தார்கள், பட்டை ஊறிய தொட்டியின் நாற்றம் எத்தனை சந்து தள்ளி வீசியது, சீட்டுப் பிடித்து யார் யாருக்குக் குடிசை எழுப்பினார்கள் என்றெல்லாம் கூறியிருந்தார்கள். ஓர் அம்மையார் ஊரிலிருந்து அம்மிக்கல்லைப் பழம்புடைவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே இரயிலில் வந்த கதையைக் கூறியிருந்தார். கூறியவர்களில் ஒருவரும் இன்று இல்லை. மறுசீரமைப்புத் திட்டத்தால் அவர்கள் நடந்த சந்துகளும் அடையாளம் மாறும் காலம் இது. யாரிடம் போய் மறுபடி கேட்பது?

செம்பூரில் ஓர் உறுப்பினர் இல்லத்தில், கொலுப் பொம்மைப் பெட்டியின் அடியில், பழைய குறுந்தகடு ஒன்று அகப்பட்டது. ஓடிச்சென்று கொண்டுவந்து போட்டோம். ஐயகோ! திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. மறுபடியும் உதவி எண். தொலைவிலிருந்தே நம் திரையைக் கண்ட இளைஞர், "கோப்புகள் கெட்டுவிட்டன, அழித்துவிடுங்கள், இடமாவது மிச்சம்" என்றார். கை விசைப்பலகைக்குச் சென்றது உண்மை.

அதைத் தடுத்தது செயற்குழு உறுப்பினர் ஒருவரின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. ஆங்கிலப் பள்ளியில் படிப்பவள். தமிழை எழுத்துக் கூட்டியே படிப்பாள். "மாமா, கெட்டுப்போன கோப்பில் ஒரே சொல் இத்தனை முறை வருமா?" என்று கேட்டாள். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளும் பக்கத்திற்குப் பத்திடத்தில் அதே வரிசையில் நின்றன.

அக்காலத்தில் நம் அலுவலகத்தில் எழுதியவர் தட்டெழுத்துப் பொறியில் கை பழகியவர். அந்த விசை வரிசையை ஒட்டியது பாமினி என்னும் எழுத்துரு. அதில் ஜே விசையில் தகரமும், கே விசையில் மகரமும், பி விசையில் இகரக் கொக்கியும், ஓ விசையில் ழகரமும், அரைப்புள்ளியில் மெய்ப்புள்ளியும் அமைந்திருக்கும். ஐந்தையும் சேர்த்தால் 'தமிழ்'! கணிப்பொறி சேமித்தது என்னவோ ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு அவற்றிற்குத் தமிழ் முகம் தந்திருந்தது. வட்டைத் துடைத்தபோது அம்முகமும் போயிற்று.

ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் அமைந்த காலம் அது. அக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் பயன். தமிழுக்கெனத் தனியிடம் தரும் ஒருங்குறி 1991லேயே வந்துவிட்டது. எனினும் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல்தான். நாமும் பழகியதை விடாமலே இருந்தோம். ஆகவே உதவிக்கு வந்த இளைஞரை மிகவும் நொந்துகொள்ள மனமில்லை. ஆனால் எத்தனையோ வினா வினவியவர்களுள் ஒருவரேனும் "இது எம்மொழிக் கோப்பு?" என்று வினவவில்லையே!

எழுத்துரு மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு நொடியில் தமிழ் வந்தது. கூடவே வேடிக்கையும் வந்தது. இடையே ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த பேருந்து எண்களின் எழுத்துகளும் நிறுவனப் பெயர்களும் தமிழாகிக் குழறின. அவற்றை வரிவரியாகத் திருத்தியவளும் அம்மாணவியே. சந்துகளின் பெயர் ஐயமானபோது தாராவியிலிருக்கும் தன் பாட்டியாரைத் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள்.

ஐந்து கோப்புகள் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. அவை பாமினி அல்ல. வேறு ஏதோ எழுத்துரு. எழுதியவர் ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகளாயின. அவர் இருக்குமிடம் அறிந்தவர்களும், 2001, 2002 ஆண்டுகளில் சங்கம் தந்த தாள் படிகளையோ குறுந்தகடுகளையோ வைத்திருப்பவர்களும், ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் அலுவலகத்திற்கு வந்துதவ வேண்டுகிறோம். பரணையும் ஒருமுறை பாருங்கள். அவ்வைந்தில் ஒன்று அம்மிக்கல் அம்மையாரின் உரையின் இரண்டாம் பகுதி. முதற்பகுதி, விடியற்காலையில் வண்டி தாதர் நிலையத்தில் வந்து நின்றதோடு முடிகிறது.