ஆறாத புண்ணும் எலும்புக்குள் ஒளியும் கிருமியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)

நான் மருத்துவர் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்வதுதான் என் வேலை. இன்று என் மாமாவின் கதையைச் சொல்கிறேன்.

மாமாவுக்கு இனிப்புநீர். காலின் பெருவிரலில் ஒரு புண் வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டார்; கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். காய்ந்தது போல் இருக்கும், மறுபடியும் சீழ் வடியும். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், "கிருமி எலும்புக்குள் போய்விட்டது, அறுவை சிகிச்சை செய்து சுத்தப்படுத்த வேண்டும்" என்றார். காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயந்த மாமா, இரண்டு மாதம் மருத்துவமனைப் பக்கமே போகவில்லை.

மாத்திரை ஏன் கேட்கவில்லை? மருந்து இரத்தத்தோடுதான் பயணம் செய்கிறது. செத்துப்போன எலும்புக்கோ இரத்த ஓட்டம் கிடையாது. போதாக்குறைக்குக் கிருமிகள் அதன்மேல் பிசுபிசுப்பான படலம் கட்டி ஒளிந்துகொள்கின்றன.

நம் வட்டாரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோனால் என்ன நடக்கிறது? தண்ணீர் லோரி வாசலுக்கே வருகிறது, இல்லையா? மருத்துவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். செத்த எலும்பை அகற்றிவிட்டு, அந்தக் குழியிலேயே கிருமிக்கொல்லி மருந்து கலந்த சிறு மணிகளை வைக்கிறார்கள். ஊசியால் எட்ட முடியாத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் சேர்கிறது. இரத்தத்தில் கலப்பது குறைவு என்பதால் சிறுநீரகத்துக்கும் பாரம் குறைவு.

இது நேற்று வந்த முறையல்ல. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் மருத்துவர் புக்ஹோல்ஸ், எலும்புச் சிமெண்டில் ஜென்டாமைசின் மருந்தைக் கலந்து பயன்படுத்தியதை 1970-இல் வெளியிட்டார். பின்னர் அதே சிமெண்டில் மணிகள் வந்தன. அவற்றை வெளியே எடுக்க வழக்கமாக இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படும். கால்சியம் சல்பேட் மணிகளோ சில வாரங்களில் தாமே கரைந்துவிடும்.

ஆனால் ஒன்று. இந்த மணி மந்திர மணி அல்ல. செத்த எலும்பை நன்றாக அகற்றாவிட்டால் மணி வைத்தும் பயனில்லை. கூடவே ஊசியோ மாத்திரையோ தேவைப்படும். யாருக்கு மணி வைக்கலாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

கடைசியில் மாமா சிகிச்சைக்குப் போனார். ஒரு விரல் போயிற்று, பாதம் தப்பியது. "முன்பே வந்திருந்தால் விரலையும் காப்பாற்றியிருக்கலாம்" என்றார் மருத்துவர். மாமாவின் விரலை எடுத்தது கத்தி அல்ல, கத்திக்குப் பயந்த அந்த இரண்டு மாதம்.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், நம் இந்தியப் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இது நம் வீட்டுக் கதை.

தீபாவளியன்று பெற்றோரின் பாதம் தொட்டு வணங்குகிறோம். இனிப்புநீர் உள்ள பெற்றோரின் பாதத்தை அன்றாடம் ஒருமுறை பார்க்கவும் செய்வோம். புண் ஆறவில்லையா? பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். "எலும்பைப் பரிசோதித்தீர்களா, டாக்டர்?" என்று துணிந்து கேளுங்கள்.