கண்ணுக்குப் புலப்படாத சேதம்

(விழிஞ்ஞத்தில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஆற்றிய உரை)



விழிஞ்ஞம் என்றதும் இன்று பலருக்கும் பெருங்கப்பல்களே நினைவுக்கு வருகின்றன. நான் பேச விழைவது, இதே கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடி இழைப் படகுகளைப் பற்றி.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, இக்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் போன்ற இடங்களுக்கு விரைந்தனர். மாநிலம் முழுவதிலுமாக 600க்கும் மேற்பட்ட மீன்பிடி படகுகள் மீட்புப் பணியில் ஈடுபட்டன. கடலுக்கென அமைந்த அப்படகுகள் மதிற்சுவர்களிலும், நீரில் மறைந்திருந்த தூண்களிலும் மோதின. ஓட்டை விழுந்த படகை எவரும் இனங்காண்பர். ஓட்டை விழாமலே வலுவிழந்த படகை எவ்வாறு அறிவது?

கண்ணாடி இழைகளை அடுக்கடுக்காகப் பரப்பிப் பிசினால் இறுக்கிச் செய்யப்படும் கூட்டுப்பொருள் இது. எஃகுத் தகடு மோதலில் நசுங்கிக் காயத்தைக் காட்டிக்கொடுக்கும். கூட்டுப்பொருளின் வெளிப்புறத்திலோ ஒரு கீறலே எஞ்சக்கூடும். உள்ளே பிசின் வெடித்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். பிரிந்த இடத்தில் நீர் கசியும். அலைக்கு அலை பிளவு வளரும்.

இதன் விபரீதத்தை உலகம் 2003 பிப்ரவரி 1ஆம் நாள் கண்டது. கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டொன்று, கார்பன் கூட்டுப்பொருளாலான இடது இறக்கை விளிம்பில் மோதியது. மோதல் படத்தில் பதிவாகியிருந்தது. சேதத்தின் அளவு மட்டும் அறியப்படவில்லை. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். 2005இல் விண்கலம் மீண்டும் பறந்தபோது, இறக்கை விளிம்புகளின் பின்னே அதிர்வை அளக்கும் உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன.

இக்கருவிகளின் தத்துவம் எளியது. மோதல் நிகழ்ந்ததும் பொருளினூடே அதிர்வலை பரவுகிறது. அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் படிகங்களைச் சில இடங்களில் ஒட்டி வைத்தால், அலை ஒவ்வொன்றையும் அடையும் நேர வேறுபாட்டிலிருந்து மோதிய இடத்தைக் கணக்கிடலாம். ஒளி இழைகளைப் பொருளுக்குள்ளேயே பதித்து, அதில் ஏற்படும் திரிபை அளப்பது மற்றொரு முறை. ஒளி இழை துருப்பிடிப்பதில்லை. ஆகவே கடற்சூழலுக்கு ஏற்றது.

ஒவ்வொரு படகிலும் இவற்றைப் பொருத்துவது இன்று சிக்கனமாகாது என்பதைப் பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், கையிலெடுத்துச் செல்லத்தக்க மீயொலிச் சோதனைக் கருவி ஒன்றை ஒரு துறையின் படகுகள் அனைத்தும் பகிர்ந்து கொள்ளலாம். அதுவும் இல்லாதவிடத்து நாணயத்தால் தட்டிப் பார்க்கலாம். பழுதற்ற பகுதி கணீரென ஒலிக்கும், பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். கண்ணால் கண்ட ஓட்டையை மட்டுமே கணக்கிடும் மதிப்பீடு, மறைந்த இழப்பைப் படகுக்காரரின் தலையில் சுமத்திவிடுகிறது. அளக்கப்பட்ட சேதமே இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் சான்றாகும்.

இக்கரையின் வடக்கே தும்பாவில் 1963 நவம்பர் 21ஆம் நாள் நம் மண்ணிலிருந்து முதல் ஏவூர்தி விண்ணில் பாய்ந்தது. அந்நிலையத்துக்காக மீனவ மக்கள் தம் நிலத்தையும் வழிபாட்டுத் தலத்தையும் விட்டுக்கொடுத்தனர். இன்று திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவில் விண்வெளித் துறை ஏவூர்திகளுக்கான கூட்டுப்பொருள் உறுப்புகளை உருவாக்கி வருகிறது. ஏவூர்தியைச் சோதிக்கும் அறிவு படகையும் வந்தடைய வேண்டும். இளம் பொறியாளர்களும் மீன்வளத் துறை அலுவலர்களும் இதனைத் தம் கடமையாக ஏற்பார்களாக!